முந்தின நாள் சோறு, மறுநாள் தட்டு: பிலிப்பினோ-அமெரிக்க டைனர் காலை உணவு எப்படித் தயாராகிறது?

கேள்வி இது: அமெரிக்காவில் பிலிப்பினோக்கள் நடத்தும் டைனர் எனும் எளிய உணவகங்களில் பூண்டுச் சோறு, இனிப்பும் உப்புமான இறைச்சி, இரண்டு முட்டை என்று ஒரு தட்டு வருகிறது. அதையே வீட்டில் செய்தால் சோறு களியாகிறது, இறைச்சி வெளியே கருகி உள்ளே வேகாமல் நிற்கிறது, ஊதா பான்கேக் சாம்பல் நிறத்துக்குப் போய்விடுகிறது. கடையில் மட்டும் பத்தே நிமிடத்தில் எப்படிச் சரியாக வருகிறது? அங்கே போனால் எதைக் கேட்டு வாங்கலாம்?

பத்து நிமிடத்தில் அது தயாராவதில்லை. டைனர் பெரும்பாலும் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மூடிவிடும். மூடிய பிறகு நடக்கும் வேலைதான் மறுநாள் காலைத் தட்டு. சோறு வடித்து ஆற வைப்பது, இறைச்சி ஊற வைப்பது, பூண்டு நறுக்குவது எல்லாம் அப்போதே முடிந்துவிடும். காலையில் கல்லில் நடப்பது கடைசிக் கட்டம் மட்டும். வீட்டில் சொதப்புவதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு நாள் வேலையை ஒரே காலையில் முடிக்கப் பார்ப்பதுதான்.

முதலில் மெனுவைப் படிக்கும் முறை. சினங்காக் என்றால் பூண்டுச் சோறு, இட்லோக் என்றால் முட்டை. இரண்டையும் ஒட்டிச் சுருக்கினால் சிலோக். அதற்கு முன்னால் வரும் துண்டு எந்த இறைச்சி என்று சொல்லும். தாப்சிலோக்கில் ஊறவைத்த மாட்டிறைச்சியான தாப்பா, டொசிலோக்கில் இனிப்புப் பன்றி இறைச்சியான டொசீனோ, லாங்சிலோக்கில் லாங்கனீசா என்ற தொத்திறைச்சி, பாங்சிலோக்கில் பாங்குஸ் எனும் பால்கெண்டை மீன், ஸ்பாம்சிலோக்கில் டப்பா இறைச்சி. இந்தச் சுருக்கப் பெயர்கள் மெட்ரோ மணிலாவின் சிறு சாப்பாட்டுக் கடைகளில் 1980-களில் பரவியவை.

அமெரிக்க டைனரோடு இது இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டதற்கு வரலாறு காரணம். 1898 முதல் 1946 வரை பிலிப்பைன்ஸ் அமெரிக்க ஆட்சியில் இருந்தது. உப்பிட்ட மாட்டிறைச்சியான டப்பா கார்ன்ட் பீஃப் அங்கே வீட்டுச் சமையலாகிவிட்டது. 1937-இல் சந்தைக்கு வந்த ஸ்பாம், இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைகளோடு பசிபிக் தீவுகளெங்கும் போனது. மறுபக்கம், அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த பிலிப்பினோக்களுக்கு நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது சமையலறை, பரிமாறல் வேலைகளே. முட்டையும், பேக்கன் எனும் உப்பிட்ட பன்றிக்கறிச் சீவலும், ஹாஷ் பிரவுன் எனும் உருளைக்கிழங்கு வறுவலும் அவர்கள் கைக்குப் புதிதல்ல. 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு நர்ஸ்களும் மற்ற பணியாளர்களுமாகப் பெருந்தொகையாக வந்தார்கள். சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியில் இன்று ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பிலிப்பினோ. பிலிப்பைன்ஸின் துரித உணவு நிறுவனமான ஜாலிபீ தன் முதல் அமெரிக்கக் கிளையை 1998-இல் அங்கேதான் திறந்தது. சியாட்டிலின் லூடிஸ் உணவகம் ஊபே எனும் ஊதாக் கிழங்குப் பான்கேக்குக்கும், சிகாகோவின் அங்கிள் மைக்ஸ் ப்ளேஸ் சிலோக் தட்டுக்கும் பேர்போனவை.

சோற்றிலிருந்து தொடங்குவோம். தட்டில் எது நன்றாக இருந்தாலும் சோறு சரியில்லை என்றால் அது சிலோக் இல்லை.

ஜாஸ்மின் அரிசியை இரண்டு மூன்று முறை கழுவி, நன்றாக வடியவிட்டு, குக்கரில் ஒரு கப்புக்கு ஒரு கப் தண்ணீர் என்ற கணக்கில் வைக்க வேண்டும். உடனே சாப்பிடும் சோற்றுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. வெந்ததும் அகலமான தட்டங்களில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி ஆவியை வெளியேற்றுவார்கள். இதில் ருசி மட்டுமில்லை, பாதுகாப்பும் இருக்கிறது. வெந்த சோற்றிலும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பில் நேரம் கொடுத்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும், மறுநாள் வறுத்தாலும் அந்த நச்சு போகாது. அதனால் அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி, வெந்த உணவு 57 டிகிரி செல்சியஸிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள்ளும், அங்கிருந்து 5-க்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள்ளும் இறங்க வேண்டும் என்கிறது. இரவு முழுக்கக் குக்கரிலேயே கிடந்த சோற்றை எடுத்து வறுக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜில் முதல் சில மணி நேரம் மூடாமல் வைப்பது நல்லது. மேற்பரப்பு ஈரம் காயும், உள்ளே மாவுச்சத்து இறுகும். இறுகிய பருக்கைதான் சூட்டில் உடையாமல் தனித்தனியாகப் புரளும். காலையில் கையை நனைத்துக்கொண்டு கட்டிகளை உதிர்த்துவிட வேண்டும். வாணலிக்குள் கரண்டியால் குத்தி உடைத்தால் பருக்கை நசுங்கும், நசுங்கினால் ஒட்டும்.

நான்கு கப் சோற்றுக்கு எட்டு முதல் பத்துப் பல் பூண்டு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் டீஸ்பூன் உப்பு. பூண்டை ஒரே அளவாகப் பொடிப்பொடியாக நறுக்கி, எண்ணெய் சூடாகும் முன்பே போட்டு, சிறு தீயில் கிளற வேண்டும். வைக்கோல் நிறம் வந்ததும் வடித்து எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகும் சூட்டில் அது இன்னும் சிவக்கும். வாணலியிலேயே பொன்னிறம் வரட்டும் என்று காத்திருந்தால் தட்டுக்கு வருவது கசப்புப் பூண்டு. அந்தப் பூண்டு எண்ணெயிலேயே தீயைக் கூட்டி, சோற்றைப் போட்டு, பரப்பி, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, புரட்டி, மறுபடி விட வேண்டும். நான்கு கப்பையும் சின்ன வாணலியில் ஒரேயடியாகக் கொட்டினால் வறுபடாது, புழுங்கும். எடுத்த பூண்டில் பாதி சோற்றோடு, மீதி மேலே தூவ. சோயா சாஸ், காய்கறி எல்லாம் போட்டால் அது வேறு சாதம். சினங்காக் வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும். ஏனென்றால் உப்பும் இனிப்பும் பக்கத்தில் இருக்கும் இறைச்சியிலிருந்து வரப்போகிறது.

பொன்னி புழுங்கலரிசியில் செய்யலாமா என்றால், செய்யலாம், ஆனால் பருக்கை விறைப்பாக நிற்கும், மஞ்சள் கரு அதில் ஊறாமல் வழிந்துவிடும். சோனா மசூரி பச்சரிசி பரவாயில்லை. பாஸ்மதி வேண்டாம்.

இறைச்சிகளில் தாப்பாதான் எளிது. மாட்டின் தொடைப்பகுதி அல்லது சர்லாயினை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, இழைக்குக் குறுக்காக 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவுங்கள். ஒரு கிலோவுக்கு அரை கப் சோயா சாஸ், கால் கப் கலமான்சி சாறு, ஒரு முழுப் பூண்டு, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு டீஸ்பூன் மிளகு. கலமான்சி கிடைக்காவிட்டால் எலுமிச்சை. ஓர் இரவு போதும். மூன்று நாள் விட்டால் புளிப்பு இறைச்சியின் மேற்பரப்பை மாவாக்கிவிடும். பொரிக்கும் முன் ஊறல் நீரை ஒட்ட வடித்துவிட்டு, நல்ல சூட்டில் சிறு சிறு தொகுதியாகப் போட்டு எடுக்க வேண்டும். பழைய முறையில் இதை வெயிலில் காய வைப்பார்கள். ஃப்ரிட்ஜில் கம்பித் தட்டில் சில மணி நேரம் விரித்து வைத்தால் அந்த இழுவைத்தன்மையில் கொஞ்சமாவது கிடைக்கும்.

டொசீனோதான் வீட்டில் அதிகம் கெடுவது. அதில் சர்க்கரை அவ்வளவு. ஒரு கிலோ பன்றித் தோள்பகுதியை 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனத்தில் நறுக்கி, 150 கிராம் பழுப்புச் சர்க்கரை, 18 கிராம் உப்பு, ஆறு பல் பூண்டு, அரை கப் டப்பா அன்னாசிச் சாறு, நிறத்துக்கு அச்சுவெட்டே என்னும் சாப்பிரா விதைப் பொடி ஒரு டீஸ்பூன் சேர்த்துப் பிசறி, இரண்டு மூன்று நாள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். சாறு டப்பாவிலிருந்தே இருக்கட்டும். பச்சை அன்னாசியில் புரதத்தைக் கரைக்கும் புரோமெலைன் இருக்கிறது. மூன்று நாளில் இறைச்சி கூழாகிவிடும். டப்பாவில் அடைக்கும்போது கொடுக்கும் சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது. பளிச்சென்ற சிவப்பு வேண்டுமானால் 6.25 விழுக்காடு சோடியம் நைட்ரைட் கலந்த இளஞ்சிவப்புக் க்யூரிங் உப்பை, அதாவது இறைச்சி பதப்படுத்தும் உப்பை, கிலோவுக்கு 2.5 கிராம், தராசில் நிறுத்துப் போடலாம். குத்துமதிப்பாகப் போடும் பொருளில்லை அது. அது இல்லாமலும் டொசீனோ ஆகும்; நிறம் மங்கும், இரண்டு நாளுக்குள் சமைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சமைக்கும் முறையில்தான் சூட்சுமம். நேராகச் சூடான எண்ணெயில் போட்டால் இரண்டு நிமிடத்தில் சர்க்கரை கருகும், உள்ளே பச்சையாக இருக்கும். எனவே வாணலியில் இறைச்சியைப் பரப்பி, அரை கப் தண்ணீர் ஊற்றி, மூடி, மிதமான தீயில் கொதிக்க விடுங்கள். தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது, அதனால் சர்க்கரை கருக வழியில்லை. எட்டுப் பத்து நிமிடத்தில் இறைச்சி வெந்து தண்ணீர் சுண்டும். சத்தத்தைக் கவனித்தால் போதும்: குமிழி வெடிக்கும் கொதிச்சத்தம் குறைந்து, எண்ணெய் பொரியும் சத்தம் தொடங்கும்போது மூடியை எடுத்து, ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிமிடம் புரட்டினால் விளிம்பு மட்டும் லேசாகக் கருகி, பாகு இறைச்சியில் ஒட்டும். அந்த நிமிடத்தில் அடுப்பை விட்டு நகரக் கூடாது. பன்றி வேண்டாம் என்பவர்கள் எலும்பில்லாத கோழித் தொடையில் இதையே செய்யலாம்; ஒரே இரவு ஊறினால் போதும். பல டைனர்களில் கோழி டொசீனோவும் கிடைக்கும்.

லாங்கனீசாவில் ஊருக்கு ஒரு வகை. விகானுடையது சிறிதாக, குண்டாக, பூண்டும் கரும்பு வினிகரும் தூக்கலாக இருக்கும். லுக்பானுடையதில் ஓரிகனோ மணம். பம்பாங்கா பக்கத்தில் இனிப்பு. இனிப்பு வகையை ஹமொனாடோ என்றும், பூண்டு-உப்பு வகையை ரெக்காடோ என்றும் மெனுவில் காணலாம். முதல் முறை சாப்பிடுபவருக்கு ரெக்காடோ பிடித்துப்போக வாய்ப்பு அதிகம். இனிப்பு இறைச்சி எல்லா நாக்குக்கும் உடனே ஒத்துவராது.

வீட்டில் செய்ய, குடல் தோல் இல்லாத வகையே வசதி. கொழுப்பு 30 விழுக்காடு உள்ள பன்றிக் கொத்துக்கறி ஒரு கிலோ, உப்பு 14 கிராம், பழுப்புச் சர்க்கரை 100 கிராம், நறுக்கிய பூண்டு 50 கிராம், வினிகரும் சோயாவும் தலா இரண்டு மேசைக்கரண்டி, மிளகு இரண்டு டீஸ்பூன். கறி குளிர்ச்சியாக இருக்கும்போதே, கையில் நூல்போல ஒட்டும்வரை பிசைய வேண்டும். அந்த ஒட்டு வராவிட்டால் வாணலியில் உதிரும். ஒரு சிட்டிகை பொரித்து ருசி பார்த்துவிட்டு, 45 கிராம் உருளைகளாகப் பட்டர் தாளில் சுருட்டி, ஓர் இரவு ஃப்ரிட்ஜில் விடவும். இதற்கும் அதே தண்ணீர் முறைதான். உள்சூடு 71 டிகிரி வர வேண்டும். குத்தி ஓட்டை போடும் பழக்கம் வேண்டாம். கொழுப்பு ஓடி, சக்கையாகும்.

இப்போது கடைக் கல்லுக்கு வருவோம். டைனரின் தட்டைக் கல் ஏறத்தாழ ஓர் அங்குலக் கன எஃகு. அதை ஒரே சூட்டில் வைப்பதில்லை. ஒரு பக்கம் முட்டைக்கு 135 முதல் 150 டிகிரி, நடுவே பான்கேக்குக்கு 175 முதல் 190, மறுகோடியில் ஹாஷ் பிரவுனுக்கு அதற்கும் மேல். டொசீனோவின் பாகு இந்தக் கல்லுக்குப் பகை. ஒருமுறை சிந்தி ஒட்டினால் அடுத்த வாடிக்கையாளரின் முட்டையில் கறுப்புப் பொட்டாகவும் இனிப்பாகவும் வந்து நிற்கும். அதனால் விவரமான சமையற்காரர் டொசீனோவையும் லாங்கனீசாவையும் அதிகாலையிலேயே தண்ணீர் முறையில் வேகவைத்து வைத்துக்கொள்வார். ஆர்டர் வந்ததும் தனி வாணலியில் அல்லது கல்லின் ஓரத்தில் பாகு பிடிக்க வைப்பார். பேக்கன் கல்லுக்கே வராது, 200 டிகிரி ஓவனில் தட்டோடு போய்வரும். தட்டு பத்து நிமிடத்தில் வருவது இப்படித்தான்.

ஹாஷ் பிரவுன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: உருளைக்கிழங்குத் துருவலைக் கழுவிப் பிழிந்து, கல்லில் பரப்பினால் நான்கைந்து நிமிடம் தொடக் கூடாது. கிளறுபவருக்கு மொறுமொறுப்பு கிடைக்காது.

முட்டைக்கு எப்படி வேண்டும் என்று கேட்பார்கள். சன்னி சைடு அப் என்றால் புரட்டாதது. ஓவர் ஈஸி என்றால் புரட்டி சில நொடி, கரு இளகியே இருக்கும். ஓவர் மீடியம் என்றால் கரு பாதி இறுகும். சிலோக்குக்கு முதல் இரண்டில் ஒன்றுதான் பொருத்தம். கரு உடைந்து சோற்றில் கலக்க வேண்டும். பிலிப்பினோ வீடுகளில் எண்ணெய் அதிகம் விட்டு ஓரம் பொரியப் பொரிப்பது வழக்கம். டைனர் கல்லில் அது தானாக வராது, ஓரம் மொறுமொறுப்பாக வேண்டும் என்று கேட்டால் செய்து தருவார்கள்.

மேசையில் இருக்கும் வினிகரை விட்டுவிடாதீர்கள். பூண்டும் மிளகாயும் ஊறிய அந்த வினிகர்தான் கொழுப்பையும் இனிப்பையும் அறுக்கும். லாங்கனீசாவை அதில் தோய்க்க வேண்டும், தாப்பாவுக்கு மேலே சில துளி. பச்சைப் பப்பாளித் துருவலில் செய்த அச்சாரா ஊறுகாயை இடையிடையே. சிவப்புக் கெட்ச்அப் போத்தல் ஒன்றில் தக்காளிக்குப் பதில் வாழைப்பழம் இருக்கலாம்; தக்காளி அரிதாயிருந்த காலத்தில் அதை உருவாக்கியவர் என்று உணவு வல்லுநர் மரியா ஒரோசாவைச் சொல்வார்கள். கத்தியைக் கேட்க வேண்டாம், ஸ்பூனும் முள்கரண்டியும்தான் இந்தத் தட்டுக்கு வசதி.

பாங்சிலோக் கேட்டால் முள் எடுத்த மீனா என்று விசாரியுங்கள். பால்கெண்டையில் ஏறத்தாழ இருநூறு முள்; எடுக்காத மீன் காலை உணவை அரை நாள் வேலையாக்கிவிடும்.

கடைசியாக ஊபே பான்கேக். ஊபே என்பது ஊதா நிற வள்ளிக்கிழங்கு, ஈழத்தில் இராசவள்ளிக்கிழங்கு என்று தேங்காய்ப்பாலில் காய்ச்சும் அதே இனம். ஊதாச் சர்க்கரைவள்ளியோ சேப்பங்கிழங்கோ அல்ல. வேகவைத்து மசித்த கிழங்கு அரைக் கிலோ, தேங்காய்ப்பால் 400 மி.லி., கண்டென்ஸ்டு மில்க் ஒரு டின், வெண்ணெய் 50 கிராம் சேர்த்து, அடிபிடிக்காமல் அரை மணி நேரத்துக்கு மேல் கிண்டினால் ஊபே ஹலாயா. மாவுக்கு: மைதா 250 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், சர்க்கரை இரண்டு மேசைக்கரண்டி, முட்டை இரண்டு, ஹலாயா 200 கிராம், பட்டர்மில்க் 400 மி.லி., உருக்கிய வெண்ணெய் மூன்று மேசைக்கரண்டி. நம்மூர் மோர் இதற்கு நீர்த்தது, 300 மி.லி. தயிரோடு 100 மி.லி. பால் கலந்துகொள்ளுங்கள்.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் சோடா. ஊபேயின் நிறம் ஆந்தோசயனின். புளிப்பில் அது செவ்வூதாவாகும், சோடா போன்ற காரப்பொருளில் நீலம், பச்சை, சாம்பல் என்று போகும். சோடாவைக் கூட்டிப் போட்டால் தயிரின் புளிப்பெல்லாம் தீர்ந்து காரத்தன்மை மிஞ்சும். கால் டீஸ்பூனோடு நிறுத்தினால் மாவு சற்றே புளிப்பாக நின்று நிறம் தப்பும். இன்னொன்று சூடு. ஹலாயாவின் சர்க்கரை சீக்கிரம் பழுப்பாகி ஊதாவை மறைக்கும். 165 டிகிரிக்கு மேல் வேண்டாம். எண்ணெய் தடவிய கல்லைத் துணியால் துடைத்துவிட்டு, கால் கப் மாவு ஊற்றி, முதல் பக்கம் இரண்டரை நிமிடம், மறுபக்கம் ஒன்றரை. இவ்வளவும் செய்தாலும் கிழங்கின் நிறம் வெளிறிய ஊதாதான். கடையில் கண்ணைப் பறிக்கும் நிறம் எசன்ஸிலிருந்து வருகிறது. ஒரு டீஸ்பூன் ஊபே எசன்ஸ் சேர்ப்பதில் தவறில்லை. அதற்கு மேல் போனால் வாயில் மருந்து வாடை நிற்கும்.

சைவர்களுக்கு இங்கே இடம் குறைவு. சினங்காக், முட்டை சாப்பிடுவோருக்குத் தோர்டாங் தாலோங் எனும் சுட்ட கத்தரிக்காய் ஆம்லெட், பான்கேக், அச்சாரா என்று ஒரு தட்டு சேர்க்கலாம். ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிடுங்கள்: சோறு எந்தக் கொழுப்பில் வறுத்தது, கத்தரிக்காயில் கொத்துக்கறி சேர்ப்பார்களா, ஹாஷ் பிரவுனும் பான்கேக்கும் இறைச்சி போட்ட அதே கல்லிலா. மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஆமாம் என்றே பதில் வரும். தனி வாணலி கேட்பதானால் சனி, ஞாயிறு காலைக் கூட்டத்தில் கேட்காமல் வார நாளில் போங்கள்.